கங்கையம்மாள் கட்டிய படகு

உ
சிவமயம்

செவிலிமேடு, காஞ்சிபுரம்
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அம்சாவுக்கு, அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தறியும் ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே ஹாலிஃபாக்ஸில் நீயும் மாப்பிள்ளை தினேஷும் அந்தப் பாழாய்ப்போன குளிரிலும் சௌக்கியமாக இருக்க வேண்டும், இருப்பீர்கள். பொத்தானை அமுக்கினால் முகமே தெரிகிற காலத்தில் அப்பா எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறார் என்று கேட்பாய். போனில் படகு என்று வாயெடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய் அம்மா, வேறென்ன செய்வது. கடிதத்தைக் கோபத்தில் பாதியில் தூக்கிப் போட்டாலும் மீதிப் பாதி அங்கேயேதான் கிடக்கும், கோபம் ஆறினால் எடுத்துப் படிப்பாய், அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகு தண்ணீரில் இறங்கிவிட்டது. அம்மா அதில் தனியாக ஏறி ஓட்டினாள். முழுசாகத் திரும்பி வந்து, இதை நான் எழுதுகிற நேரத்தில் உள்ளே வத்தக்குழம்பு தாளித்துக்கொண்டிருக்கிறாள், எனக்குத் தும்மல் வருகிறது. ஆகவே பயப்படாமல் மேலே படி.

ஆவணியில் நீ போனில் சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அது தண்ணியில எறங்கிச்சுன்னு தெரிஞ்சா பொங்கலுக்கு நான் வரவே மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாய். அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உப்புத்தாளை எடுத்துப் பலகையைத் தேய்க்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசிக்கொள்கிறீர்கள். நீ சாப்பிட்டாயா என்று அவள் என்னைக் கேட்கச் சொல்கிறாள், அவள் மாத்திரை போட்டாளா என்று நீ என்னைக் கேட்கச் சொல்கிறாய், நடுவில் நான் தந்திக்கம்பமாக நிற்கிறேன். நீ பயந்ததில் தப்பே இல்லை. கண்ணை மூடினால் உனக்குத் தெரிவது நீச்சல் தெரியாத ஒரு பொம்பளை, யூடியூப் பார்த்து ஒட்டின நாலு பலகை, நடுத் தண்ணீர். எனக்கும் முதலில் அதுதான் தெரிந்தது. ஆனால் நீ படகைப் பார்க்கவில்லை, செய்கிறவளையும் பார்க்கவில்லை. நான் கிட்டே இருந்து பார்த்தவன். பொங்கலுக்கு நீ வருவதும் வராததும் இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது என்று நினைத்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இது எங்கே ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ, உன் ஊரில்தான் ஆரம்பித்தது. நாங்கள் வந்திருந்தபோது மாப்பிள்ளையின் ஆபீஸ் சிநேகிதர் அவருடைய பாய்மரப் படகில் எல்லோரையும் கூட்டிப்போனாரே, அன்றைக்கு நீ அம்மாவிடம் "சேலை சிக்கிக்கும்மா, நீ கரையிலேயே இரு, செருப்பையும் பையையும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஏறினாய். நல்ல மனசோடுதான் சொன்னாய், எனக்குத் தெரியும். நான் ஏறிப் பாதி வழியில் வாந்தி எடுத்து உங்கள் மானத்தை வாங்கினேன். அவள் எல்லார் செருப்பையும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, படகு போகிற திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது விமானத்தில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அது மரத்துல செஞ்சதுதானேங்க?" ஆமாம் என்றேன். "அப்போ செய்யலாம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். நான் ஏதோ தூக்கக் கலக்கத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். உன் அம்மாவைப் பற்றி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் நான் தப்புக் கணக்குப் போடுகிறேன் பார்.

மாப்பிள்ளை என்றைக்காவது கார் வாங்கிக்கொண்டு வந்து நிறுத்துவார் என்று வீட்டுக்கு முன்னால் ஒரு ஷெட் போட்டேனே, அதில் தண்ணீரில் ஊறாத மரைன் பிளை பலகைகள் வந்து இறங்கின. போனில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் படகு செய்கிற வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். அவர் பேசுகிற இங்கிலீஷ் அவளுக்கும் புரியாது எனக்கும் புரியாது. என்ன சொல்கிறார் என்று கேட்டால் "அவரு பேசறது எதுக்கு, கை இன்னா பண்ணுதுன்னு பாத்தா போதும்" என்றாள். சேலை டிசைனுக்கு அன்னமும் மாங்காயும் எழுதுவோமே கட்டம் போட்ட தாள், அதில் படகின் பக்கப் பலகையை எழுதினாள். பிறகு நூலைச் சாக்குக்கட்டிப் பொடியில் புரட்டிப் பலகை மேல் தெறித்துப் பெரிய கட்டங்களாகப் போட்டு, கட்டம் கட்டமாக எண்ணி அந்த வளைவை இழுத்தாள். அறுத்து முடித்து இரண்டு பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது மயிரிழை வித்தியாசம் இல்லை. எனக்கு வாய் வரைக்கும் பாராட்டு வந்தது, அப்புறம் தலையில் ஏறிவிடுவாள் என்று டீ போட்டுக்கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், அந்த வளைவைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இந்த மாதிரிப் படகை ஆணி அடித்துச் சேர்ப்பதில்லை. பலகை ஓரங்களில் துளை போட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, தையல் மேல் எபாக்சி என்கிற பசையை மரத்தூளோடு குழைத்துப் பூசுகிறார்கள், இறுகினால் கல் மாதிரி நிற்கிறது. தைக்கும்போது ஒரு ஆள் உள்ளேயிருந்து கம்பியைத் தள்ள, ஒரு ஆள் வெளியேயிருந்து வாங்கி முறுக்க வேண்டும். இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டுவாய் என்றால் கோயம்புத்தூர்க்காரரான அவருக்காக ஒரு விளக்கம். நம் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோர்த்து நெய்வதற்குக் கோர்வை என்று பேர். தறியில் நெய்கிறவன் பாட்டுக்கு நெய்ய, ஓரத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நூல் இருக்கிற நாடாவை, குறுக்கே போய் வருகிற அந்தச் சின்ன மரக்கட்டையை, தள்ளிக் கொடுக்க வேண்டும். நம் வீட்டில் அந்த ஆள் கல்யாணமான நாளிலிருந்து அம்மாதான். காலையில் தறியில் உட்கார்ந்ததும் நான் கொடுக்கிற முதல் குரலே "கங்கா, கரைக்கு வா" என்பதுதான், நீ அந்தக் குரலில்தான் எழுந்து பள்ளிக்கூடம் போனாய். படகைத் தைக்கிற அன்று அவள் உள்ளே ஏறிக்கொண்டு என்னைப் பார்த்து, "நீங்க வெளிய நின்னு வாங்குங்க" என்றாள். நான் வாங்கி முறுக்கினேன். கொஞ்சம் தளர்ந்தால் "இன்னாங்க, கை எங்க இருக்குது, கண்ணு எங்க இருக்குது" என்று அதட்டல் வேறு. தறியில் நான் அவளை அதட்டுகிற அதே வார்த்தை, அதே ராகம். ஒரு சொல் விடாமல் சேர்த்து வைத்திருந்திருக்கிறாள்.

ஊரில் பேச்சுக்கும் கேலிக்கும் குறைவில்லை. பாலாறே மணலாகக் கிடக்கிறது, இந்தம்மா படகு விட்டு எங்கே போகப்போகிறது, மணலில் தள்ளிக்கொண்டு போகுமா என்று டவுன் பஸ்ஸில் கூடப் பேசிக்கொண்டார்கள். பேரிலேயே கங்கை இருக்கிறதே, தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று நானும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டேன். இதில் பிள்ளையார்பாளையம் தேவேந்திரன் பண்ணினதுதான் பெரிய வேடிக்கை. நம்மில் சில பேர் தறி நாடாவை ஓடம் என்றுதானே சொல்வார்கள். கங்கையம்மாள் வீட்டில் ஓடம் செய்கிறாள் என்று யாரோ சொல்ல, மனிதர் வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, "தங்கச்சி, நீ ஓடம் நல்லா செய்றியாமே, என் தறிக்கு ரெண்டு குடும்மா" என்றார். அம்மா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஷெட்டைத் திறந்து காட்டினாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இது என் தறியில நுழையாதேம்மா" என்றார். சிரித்துச் சிரித்து அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. போகும்போது பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூட்டே தெரியலியே" என்று அவர் சொன்னதை அம்மா அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

எல்லாம் ஒரேயடியாகச் சரியாக வந்துவிடவில்லை. சித்திரை வெயிலில் முதல் தடவை பசையை டப்பா நிறையக் குழைத்தாள், அது புகைந்து பொங்கி டப்பாவோடு கல்லாகிப்போனது, நான் தீ பிடித்துவிட்டது என்று பக்கெட் தண்ணீரோடு ஓடினேன். அதற்கப்புறம் விடிகாலையில் எழுந்து, தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்னி பதத்துக்குக் குழைத்துப் பூசினாள். பூசி முடித்ததும் படகைக் கட்டை மேல் தூக்கி வைத்து உள்ளே தண்ணீரை ஊற்றிவிட்டு, அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு எங்கே கசிகிறது என்று பார்த்தாள். வால் பக்கத்து மூலையில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. ஒரு சொட்டுதானே, மேலே கொஞ்சம் பூசிவிடேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், சேலையில் ஒரு இழை விட்டுப்போனால் நான் என்ன செய்வேன் என்று அந்தப் பார்வையே கேட்டுவிட்டது. மூலை முழுக்க உளியால் எடுத்துப் போட்டு மறுபடி தைத்தாள். யூடியூப் பார்த்து ஒட்டின பலகை என்று இனி நீ சொல்லாதே அம்சா.

நீச்சலுக்கு வருகிறேன். புரட்டாசி முழுக்க அம்மா காலையில் சர்க்கரைக்கு நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். திரும்பும்போது தலை ஈரமாக இருக்கும், கேட்டால் வியர்வை என்பாள். எந்த ஊரில் பின்னல் சொட்டச் சொட்ட வியர்க்கிறது? கடைசியில் நமக்கு அரிசி கொண்டுவந்து போடுகிற முசரவாக்கம் பொன்னிதான் உளறினாள். அவள் வயல் கிணற்றில், முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிவிட்டு, இவளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். முதல் நாள் அக்கா போட்ட கூச்சலில் கிணற்றுப் புறாவெல்லாம் பறந்துபோய் ரெண்டு நாள் திரும்பவில்லையாம். இப்போது கேன் இல்லாமல் கிணற்றைச் சுற்றி வருகிறாள். லைப் ஜாக்கெட் வாங்கி வைத்திருக்கிறாள், அதைப் போடாமல் ஷெட்டுக்குள் இருக்கிற படகில் கூட ஏறுவதில்லை. நீ சொன்னதை அவள் கேட்கவில்லை என்றுதானே உனக்குக் கோபம். நீ பயப்பட்டது ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு வழி செய்து வைத்திருக்கிறாள், அதுதான் அவள் கேட்கிற விதம்.

படகின் பாய் மட்டும் என் பங்கு. பருத்தி நூலில் நானே நெய்தேன், பட்டுத் தறிக்காரன் வெறும் வெள்ளையாக நெய்தால் கை கூசும் என்று இரண்டு பக்கமும் அரக்குக் கரை வைத்தேன். கரைக்கு உட்கார ஆள் இல்லாமல் நானே இரண்டு வேலையும் பார்த்ததில் அது நெய்து இறங்க வெகு நாள் ஆனது. இறங்கினதும் வழக்கப்படி சாதம் வடித்த கஞ்சியை மெல்லிசாகப் போட்டு, உலர்த்தி, மொடமொடவென்று மடித்துக் கொடுத்தேன். நெய்கிறவன் கைக்கு அது தானாக வருகிற வேலை, யோசித்துச் செய்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

போன வாரம் மழை விட்டு, முசரவாக்கம் ஏரி கடல் மாதிரி நிரம்பிக் கிடந்தது. குட்டியானை வண்டியில் படகை ஏற்றிக்கொண்டு போனோம். பாலாற்று மணலில் தள்ளப்போகிறார்கள் என்று சிரித்தவர்கள்தான் தூக்கிவிட முதலில் வந்தார்கள். கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தோம், படகுக்குச் சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழம் வண்டிச் சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நீ காலேஜுக்குப் போட்டுக்கொண்டு போவாயே பச்சைச் சுடிதார், அதை அம்மா போட்டுக்கொண்டு அதன் மேல் லைப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். சேலை சிக்கும் என்று நீதானே சொன்னாய். படகு தண்ணீரில் உட்கார்ந்த அழகை எழுத எனக்கு வரவில்லை. வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்த மாதிரி உட்கார்ந்தது. அடியில் ஒரு சொட்டு இல்லை. பாயை ஏற்றினாள், அரக்குக் கரை வெயிலில் பளபளத்தது, ஒரு வாடைக் காற்று வந்து பிடித்தது, படகு சத்தமே இல்லாமல் நகர்ந்தது. ஏரிக்கரையில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை, மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு தூறல் பிடித்தது. பாய் நனைந்தது, நான் போட்ட கஞ்சி பசையானது. அம்மா பாயை இறக்கப் பார்க்கிறாள், அது பாய்மரத்தோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. காற்று ஏறுகிறது, படகு எங்களை விட்டு நேரே மேற்கே, கருவேல மரங்கள் தண்ணீருக்குள் நிற்கிற பக்கம் போகிறது. தூரத்திலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது, "இன்னாங்க, பாய்க்குப் போயி கஞ்சி போட்டுக்கிறீங்களே!" நீ சொன்னது ஒவ்வொன்றும் காதில் கேட்டது. பொன்னி இடுப்புத் தண்ணீரில் இறங்கி ஓடுகிறாள், நான் ஏரிக்கரை மேலேயே செருப்பில்லாமல் ஓடிக்கொண்டு கத்துகிறேன், என்ன கத்துகிறோம் என்று தெரியாமல் தொண்டை கிழியக் கத்துகிறேன். "கங்கா, கரைக்கு வா! கங்கா, கரைக்கு வா!"

அவள் அவசரப்படவே இல்லை அம்சா. பாயைக் கட்டின கயிற்றைக் கையிலிருந்து தளர்த்தினாள், பாய் படபடவென்று அடித்துக்கொண்டு காற்றை நழுவ விட்டது, படகு மெதுவானது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து யோசித்தாள். இறக்க வராத பாயை வைத்துக்கொண்டே திரும்பிவிடுவது என்று முடிவு கட்டி, சுக்கானைத் தள்ளித் திருப்பினாள். எதிர்க்காற்றில் நேராக வர முடியாதாம், இந்தப் பக்கம் கொஞ்ச தூரம், திருப்பி அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் என்று நாடா போய் வருகிற மாதிரி ஏரியின் குறுக்கே போயும் வந்தும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் எங்களை நெருங்கினாள். தேவேந்திரன் ஓடம் என்று கேட்டு வந்தது ஒன்றும் பிசகில்லை என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. தாடிக்காரர் வீடியோவை எத்தனை தடவை பார்த்திருந்தால் அந்தக் கை அப்படிப் பதறாமல் வரும். நான் என் தறியில் பெரிய பெரிய கைகளைப் பார்த்தவன், ஆனால் அன்றைக்குப் பார்த்த மாதிரி ஒரு கையைப் பார்த்ததில்லை. என் பெண்டாட்டி என்று அங்கே நின்றவர்களிடமெல்லாம் சொன்னேன், அவர்களுக்குத் தெரியாதது போல.

வந்து இறங்கினாள். படகைச் சுற்றிக் கெண்டைக் குஞ்சுகள், என் கஞ்சியைத் தின்ன வந்த கூட்டம். அவள் ஈரத் தலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள், "கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த ஒரு வார்த்தைதான் சொல்லிக்கினு இருக்கீங்க. பொண்ணும் அங்க அதையேதான் சொன்னா." கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. நீ சொன்ன கரை வேறு, நான் சொல்கிற கரை வேறு, இரண்டிலும் உட்கார்ந்தது அவள் ஒருத்திதான் என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. அவள் வாழ்நாளில் முதல் தடவையாக நடுவில் போய்விட்டு வந்திருக்கிறாள். முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், உன்னைப் பெற்ற அன்று பார்த்த முகம்.

அன்றிலிருந்து படகை ஷெட்டில் ஏற்றிச் சேலை போட்டு மூடி வைத்திருக்கிறாள். ஏரியில் தண்ணீர் இருக்கிறது, காற்று இருக்கிறது, பொன்னியும் கூப்பிடுகிறாள். போகவில்லை. ஏன் என்று கேட்டால், "அவ வராம நான் ஓட்டி இன்னா ஆவப்போவுது" என்கிறாள். போன் அடித்தால் அடுப்பை விட்டு ஓடி வருகிறாள், நீ இல்லை என்றால் என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஒரு போன் போடு அம்மா. என்னிடம் பேசாமல் நேரே அவளிடம் பேசு. பொங்கலைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் படகு எப்படி இருக்கிறது என்று கேள், ஒரு மணி நேரத்துக்கு உன் காது உன்னுடையது இல்லை.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இருக்காமல் நடுநடுவே எழுந்து நட. மாப்பிள்ளையை அதிகம் அதட்டாதே, அந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. வரும்போது நனைந்தாலும் உப்பாத பாய்க் கயிறு அந்த ஊரில் கிடைத்தால் வாங்கி வாருங்கள். பாயைத் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிட்டேன், இனிமேல் போடமாட்டேன் என்று பிள்ளையார் முன்னால் சொல்லியிருக்கிறேன். காமாட்சி அம்மன் உங்கள் இருவரையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. படகில் உட்கார இரண்டே பலகைதான். ஒன்று சுக்கான் பக்கம், அது அவளுக்கு. இன்னொன்றை உன் முதுகுவலிக்காகச் சாய்மானம் வைத்துச் செய்திருக்கிறாள், இத்தனை நாளும் அது எனக்கென்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போ நான் எங்கே உட்காருவது என்று நேற்றுக் கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள், "நீங்க கரைக்கு உட்காருங்க. செருப்பைப் பாத்துக்கணும் இல்ல?"

இப்படிக்கு,
உங்கள் செருப்புகளுக்காகக் கரையில் காத்திருக்கும்
உன் அப்பா
சிவபாலன்